தள்ளிவிட்டால் உட்கார்ந்துகொள்ளும் ஊர்

இந்தக் கதையை நான் வெகுகாலம் நம்பவில்லை. நிலாவில் நடந்த கதையை யார் நம்புவார் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நிலாவில் சந்தேகம் இல்லை. கதையில் ஒருவன் திரும்பி வருகிறான், அதில்தான் சந்தேகம்.

சொன்னவள் சௌந்தரம் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் புருஷன் நடேசன் மாமா வீட்டைவிட்டுப் போன பிறகும் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தாள். மாமா ஏன் போனார் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அவராத்தான் போனார்." அதற்கு முன்பு இரண்டு முறை போய், இரண்டு முறையும் திரும்பி வந்திருக்கிறார். ஒரு தடவை காட்பாடியிலிருந்து, ஒரு தடவை நாக்பூரிலிருந்து. மூன்றாம் முறை வரவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அத்தை அன்னக்கூடையில் சோற்றைப் பிசைந்து எனக்கும் என் தங்கை வாசுகிக்கும் உருட்டி உருட்டிக் கையில் வைப்பாள். அடுத்த அறையில் அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"நம்ம நிலா இருக்குல்ல, அதுக்கும் அந்தாண்ட ஒரு குட்டி நிலா இருந்துச்சாம். கோலிக்குண்டு மாதிரி வழவழன்னு, மேடும் கிடையாது பள்ளமும் கிடையாது. அதுல ஒரே ஒரு ஊரு. குட்டி நிலாங்கறதால அதுக்கு இழுக்கிற தெம்பு கம்மி. ஒரு குதி குதிச்சா, கீழ எறங்கறதுக்குள்ள இங்க உலை கொதிச்சிடும். ரெண்டு குதியைச் சேர்த்துக் குதிச்சா எறங்கவே மாட்டே. அதனால எல்லாரும் கால்ல கயிறு கட்டி, வீட்டுத் தூண்ல முடிஞ்சுக்குவாங்க."

"மாட்டை மாதிரியா அத்தை?" என்பாள் வாசுகி.

"உன்னை மாதிரி. வாயைத் தொற. அந்த ஊர்ல மொட்டையன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி காத்தாயி. மொட்டையனுக்கு மனசுல பட்டதைச் சொல்லிடற வியாதி. அப்போ கீழேருந்து ஒரு ராசா வந்து சேர்ந்தான். எப்படி வந்தான்னு கேக்காதே, ராசாக்கள் எப்படியாவது வந்துடுவாங்க. வந்தவன், ஆனைத் தண்டி பாறை ஒண்ணை ஒத்தைக் கையால தூக்கிட்டான். 'பார்த்தீங்களாடா என் பலத்தை!'ன்னான். ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. மொட்டையன் மட்டும் கெக்கெக்கேன்னு சிரிச்சான்.

'எதுக்குடா சிரிக்கிறே?'

'தூக்கினது சரி ராசாவே. இப்போ அதைத் தள்ளி ஓடவிட்டு, முன்னாடி போய் நிறுத்திக் காட்டுங்க.'

ராசா தள்ளினான், முன்னாடி ஓடி நெஞ்சைக் குடுத்தான். பாறை நிக்கல. அவனையும் சேர்த்துத் தள்ளிக்கிட்டுப் போய் சுவத்துல ஒட்டவெச்சுது. மூக்கு அப்பளமாப் போச்சு.

மொட்டையன் சொன்னான், 'கனம்தான் ராசாவே இங்க குறைஞ்சிருக்கு. கல்லு குறையலையே. கிளம்புறதுக்கு எத்தனை அடம் புடிச்சுதோ, நிக்கறதுக்கும் அத்தனை அடம் புடிக்கும்.'

ராசாவுக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. 'என் கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டு எனக்கே பாடம் சொல்றியா?'ன்னு கத்தினான். மொட்டையனோட கால் கயித்தை அறுத்தான், முதுகுல கையை வெச்சான், தள்ளினான்.

மொட்டையன் மெதந்து மெதந்து போயி ஊர்க்கோடிக் கிணத்தாண்ட விழுந்தான். எழுந்து நடந்து வந்தான். 'வந்துட்டேன் காத்தாயி'ன்னான். 'கை காலைக் கழுவு, சோறு போடறேன்'னா அவ.

ராசா பார்த்தான். மறுநாளும் முதுகுல கையை வெச்சான், இன்னும் வேகமாத் தள்ளினான். மொட்டையன் நிலாவோட அந்தாண்ட முதுகுல போய் விழுந்தான். ரெண்டு நாள் நடந்து வந்தான். 'வந்துட்டேன் காத்தாயி'ன்னான். 'கை காலைக் கழுவு, சோறு போடறேன்'னா அவ.

மூணாவது தடவை, ராசா பத்தடி பின்னால போயி, ஓடியாந்து, முதுகுல கையை வெச்சு..."

இந்த இடம் வந்தால் அடுத்த அறையில் ரேடியோவின் சத்தம் கூடும். அத்தையும் குரலைக் கொஞ்சம் உயர்த்துவாள்.

"...பலமெல்லாம் திரட்டித் தள்ளினான். மொட்டையன் போனான் போனான், போயிக்கிட்டே இருந்தான். அவன் என்னமோ நேராத்தான் போகப் பார்க்கிறான். நிலா விடமாட்டேன்னு கீழ இழுக்குது. இழுக்க இழுக்க விழறான், ஆனா அவன் விழற அளவுக்குத் தரையும் வளைஞ்சு விலகிப் போயிடுது. எங்க விழுவான், சொல்லு?"

"எங்கயும் விழமாட்டான்!" என்போம் நாங்கள் இருவரும்.

"காத்தாயி அழுவல. குந்திக்கிட்டு அடுப்பு மூட்டினா. உலை வெச்சா, சோறு வடிச்சா, குழம்பும் எறக்கிட்டா. ராசா தள்ளின எடத்துலயே நின்னு, அவன் போன திக்கையே பார்த்துக்கிட்டிருந்தான். 'எங்கடி உம் புருசன்? நடந்து வர்றானா?'ன்னு கெக்கலி கொட்டினான். அப்போ பின்னாலேருந்து மொட்டையன் நிலாவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து, ராசா முதுகுல, டமார்!

கேரம்ல பார்த்திருக்கியே, காய்மேல காய் நேரா முட்டினா, முட்டினது நின்னுடும், முட்டு வாங்கினது ஓடும். ரெண்டு பேரும் ஒரே தண்டிதானே? ராசா கிளம்பினான், மொட்டையன் அங்கயே நின்னான். 'வந்துட்டேன் காத்தாயி'ன்னான். 'கை காலைக் கழுவு, சோறு ஆறுது'ன்னா அவ.

ராசா இன்னும் சுத்திக்கிட்டே இருக்கான். அவன் போற வழியில புடிச்சு நிக்க மரம் இல்ல, தடுக்கச் சுவரும் இல்ல. ஒவ்வொரு சோறு வடிக்கிற நேரத்துக்கும் ஒரு தடவை ஊருக்குள்ள வருவான், கையைக் காலை உதறிக்கிட்டு. ஊரே பொத்துனு உக்காந்துக்கும், அவன் தலைக்கு மேல போயிடுவான். அன்னையிலேருந்து அந்த ஊர்ல யாரும் யாரையும் தள்றதில்ல. தெரியாம ஒரு சொம்பைத் தள்ளிட்டாக்கூட உடனே உக்காந்துக்குவாங்க. தள்ளினவன் சுத்தறான், வந்தவன் சாப்பிடறான், உன் கையில இருக்கறதை நீ சாப்பிடு."

பந்து எறிந்தால்கூட நானும் வாசுகியும் சட்டென்று உட்காருவோம். தெருப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலாவில் அப்படிச் சுற்றிவர நொடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வேகம் வேண்டும், எந்த ராஜாவாலும் தள்ள முடியாது என்று அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். "அது பெரிய நிலாடா இளங்கோ. நான் சொன்னது குட்டி நிலா" என்றாள். குட்டி நிலாவுக்கும் போட்டேன். ஐந்து கிலோமீட்டர் ஆரம் இருந்தால் போதும், ஓடிவந்து தள்ளினால் ஆள் சுற்றிவிடுவான். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சோறு வடித்துக் குழம்பு இறக்கும் நேரம்தான்.

அப்படியானால் அவள் எதையும் தப்பாகச் சொல்லவில்லை. அந்த எண்ணம்தான் என்னை விடவில்லை. "என் கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டு" என்ற வார்த்தையை நான் வேறெங்கும் கேட்டதில்லை, அப்பா வாயில்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் கொடுத்து முடித்த பிறகும் அன்னக்கூடையில் தினமும் ஓர் உருண்டை மீந்திருக்கும். அப்பா அதைப் பார்க்காமல் கைகழுவப் போவார். எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா இருந்தவரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறென்ன காரணம் சொல்ல?

போன மாதம் அப்பாவின் வருஷத் திதி. எல்லோரும் சாப்பிட்டுப் போன பின் அத்தை தரையில் உட்கார்ந்து மிச்சச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. ஓர் உருண்டையை என் கையில் வைத்தாள். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"அத்தை, மூணாவது தடவை நடேசன் மாமா முதுகுல கை வெச்சது அப்பாவா?"