மருமகளின் ஆர்க்கிட்டுக்கு எத்தனை வாட்

"எத்தனை வாட் விளக்கு போடணும்? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா" என்றார் வையாபுரி.

ஏற்காட்டில் வடிவம்மையின் மடம் சின்னது. பின்பக்கப் பந்தல் முழுக்க ஆர்க்கிட் செடிகள். அவளிடம் கடவுளைப் பற்றிக் கேட்க வருகிறவர்களைவிட, செடியைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் அதிகம்.

அவளுக்கு நாற்பது வயது. வையாபுரிக்கு அறுபத்தைந்து. சின்னவளிடம் பாடம் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

"யாரோட செடிங்க?"

"மருமகளுது. பிரசவத்துக்குத் தாய்வீடு போறப்ப என் கையில குடுத்துட்டுப் போச்சு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அது என்கிட்ட வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். 'மாமா, இதைப் பாத்துக்குங்க'ன்னுச்சு. அடுத்த மாசம் குழந்தையோட வருது. செடி மஞ்சளாயிருச்சு."

"வேற யாரையும் கேக்கலையா?"

"கேக்காம இருப்பனா? சேலத்துல செடி வளர்க்கிறவங்க சங்கம் ஒண்ணு இருக்கு. செயலாளர் ஒரு மணி நேரம் பேசினான். அலைநீளம்னான். லூமன்னான். ஆறாயிரத்து ஐநூறு கெல்வின்னான். கெல்வின் யாருன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

வடிவம்மை சிரிக்கவில்லை.

"எப்ப நடந்துச்சு?"

"மூணு மாசமாச்சு. யார் யார் சிரிச்சாங்கன்னு பேரோட சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அவன் சொன்ன விளக்கையே வாங்கி மாட்டினேன். செடி தேறலை. வாட் தப்பா, உயரம் தப்பா? கெல்வினைக் கூட்டணுமா, குறைக்கணுமா?"

"விளக்கு எரியுதா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? மாட்டின நாள்ல இருந்து ஒரு நிமிஷம் அணைச்சதில்லை. கரண்ட் போனா இன்வெர்ட்டர். பிள்ளை பெத்துப் பிழைக்கப் போனவளோட செடி. அதுக்கு ஏத்தின விளக்கை அணைச்சா வீட்டுக்கு ஆகுமா? சாமி விளக்கையே நாங்க வாயால ஊத மாட்டோம். பூ வச்சுத்தான் குளிர வைப்போம். இங்க பூவும் வரக் காணோம்."

வடிவம்மை எழுந்து விருந்தினர் அறையின் கதவைத் திறந்துவிட்டாள்.

"இன்னிக்குத் தங்குங்க. காலையில சொல்றேன்."

விருந்தினருக்கு ஒரே ஓர் அறை. கூரையில் பெரிய பல்பு. சுவிட்ச் உள்ளே இல்லை. வையாபுரி நான்கு சுவரையும் தடவிப் பார்த்தார். முகத்தில் துண்டைப் போட்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தார். அங்கும் வெளிச்சம் வந்தது.

காலையில் அவருடைய கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம். சங்கத்தில் சிரித்தவர்களோடு வடிவம்மையின் பெயரும் சேர்ந்துவிட்டது.

"தூங்கினீங்களா ஐயா?"

"அந்த விளக்கு எரியறப்ப எவன் தூங்குவான்?"

"நாப்பது வாட் அதிகமோ என்னவோ. இருபது போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தியிருக்கும். மூவாயிரம் கெல்வின்ல, கொஞ்சம் மஞ்சளா..."

"வேண்டாம்மா."

"ஒரு அடி மேல தூக்கிக் கட்டினா?"

"தாயே, எந்த வாட்டும் வேண்டாம், எந்தக் கெல்வினும் வேண்டாம். பொழுது சாய்ஞ்சா அந்தச் சனியனை அணைச்சுத் தொலைக்கிறதை விட்டுட்டு..."

வையாபுரி நிறுத்தினார்.

வடிவம்மை அவர் பக்கம் காப்பியை நகர்த்தினாள்.

அவர் காப்பியைத் தொடவில்லை. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"பாவாயி, அந்தச் செடி விளக்கை அணை."

"ஏனுங்க, ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப அணை. சன்னல் திரையையும் இழுத்து விடு."

"இப்பத்தான் பொழுதே விடிஞ்சிருக்கு. இந்நேரத்துல எதுக்கு இருட்டு?"

"சத்தம் போடாதே" என்றார் வையாபுரி. அவர் குரலும் தாழ்ந்திருந்தது. "மூணு மாசமா அது தூங்கலை."