ஒரு வால் கூடுதல்

பார்வையற்ற மாணவர்களின் விடுதி அது. அங்கே கணினி அறை ஒன்று உண்டு. அதில் ஒரு திரைகூடக் கிடையாது. சன்னல் சாத்தியே இருக்கும். விளக்கு எரியாது. திரையில் வர வேண்டிய எழுத்தையெல்லாம் கணினி வாய்விட்டு வாசிக்கும். பிள்ளைகள் ஹெட்போனில் கேட்டுத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பார்வை உள்ளவர்கள் உள்ளே வந்தால் நாற்காலியில் இடித்துக்கொள்வார்கள்.

சங்கரலிங்கமும் இடித்துக்கொண்டவர்தான். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்று, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்தார். கற்றுக்கொடுத்தவர் புஷ்பலீலா டீச்சர். முப்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. மகள் வயதுப் பெண்ணை குருவாக ஏற்றதில் சங்கரலிங்கத்துக்குக் கூச்சம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அறையிலேயே கண் தெரிந்த ஆள் தான் ஒருவன்தான் என்பதில் உள்ளூர ஒரு மிதப்பு இருந்தது.

அன்று இசக்கியம்மாளுக்குப் பரீட்சை. எம்.ஏ. வரலாறு. இதுவரை எல்லாப் பரீட்சையும் அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியதுதான். அப்படி எழுதுகிறவரை ஸ்கிரைப் என்பார்கள். போன தடவை அவள் ஒரு பக்கம் சொன்னாள். வந்த ஆள் அரைப் பக்கம் எழுதினார். தாள் போயிற்று. இந்தத் தடவை மல்லுக்கட்டி, கணினியில் தானே எழுத அனுமதி வாங்கியிருந்தாள். பல்கலைக்கழகம் நிபந்தனை போட்டது: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இயங்குதளம் போட்ட கணினியாக இருக்க வேண்டும். பத்து மணிக்கு அது தயாராக இல்லையென்றால் ஸ்கிரைப்தான்.

"அந்த வேலை என்னோடது, டீச்சர். நானே போட்டிருதேன்" என்று சங்கரலிங்கம் முன்வந்தார். காலையில் வந்து போட்டும் முடித்தார்.

கணினி ஓடியது. பேசவில்லை.

ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழகத்தின் பரீட்சை மேற்பார்வையாளர் வந்தார். கையோடு ஸ்கிரைப் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். வராந்தாவில் இருவருக்கும் காப்பி கொடுத்தார்கள்.

சங்கரலிங்கத்துக்கு வேர்த்தது. சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கழற்றினார். திரும்பப் போட்டார். இணையத்தில் யாரோ யாருக்கோ சொன்ன கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடித்தார். மறுபடி தொடங்கினார். ஒலி அளவைக் கடைசிவரை ஏற்றினார். சத்தமில்லை.

"அண்ணாச்சி, பேசுதா?" வாசலில் இருந்து இசக்கியம்மாள் கேட்டாள்.

"இப்பப் பேசிரும் தாயி."

"அதைத்தான் முன்னாடியும் சொன்னீங்க. ஊமையைப் பிடிச்சு வச்சிக்கிட்டுப் பேசு பேசுன்னா பேசுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

டீச்சர் வந்தார். நாற்காலி எதிலும் இடிக்காமல் நேரே மேசைக்கு வந்தார்.

"டிரைவர்ல கோளாறு டீச்சர். என்ன கோளாறுன்னுதான் பிடிபடல. எல்லாத்தையும் அழிச்சிட்டு இன்னொருக்கா முதல்ல இருந்து போட்டிருதேன்."

"போட்டு முடிக்க?"

"பத்து தாண்டிரும். கெஞ்சிப் பார்க்கணும்."

வராந்தாவில் மேற்பார்வையாளர் செருமினார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. ஸ்கிரைப் தயாராத்தான் இருக்காங்க."

சங்கரலிங்கத்தின் விரல் என்டர் சாவியின் மேல் இருந்தது.

"அண்ணாச்சி, கையை எடுங்க" என்றார் டீச்சர். "பக்கத்து மெஷின் பேசுதா?"

"பேசுது."

"அதுல என்ன கார்டு?"

"இதே கார்டு."

"டிரைவர்?"

"அதேதான்."

டீச்சர் மேசையைச் சுற்றிப் போனார். பக்கத்துக் கணினியின் பின்பக்கம் கையை விட்டார். செருகியிருந்த வயர்களை ஒவ்வொன்றாகத் தடவினார், பசுவுக்கு மடி பார்ப்பதுபோல. பிறகு இந்தக் கணினியின் பின்னால் கையை விட்டார். தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதுக்கு ஒரு வால் கூடுதலா இருக்கே."

சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"அது மானிட்டர் வயர், டீச்சர். வீட்டுல இருந்து கொண்டுவந்தேன்."

"யாருக்கு?"

அவர் திரையைப் பார்த்தார்.

"அந்தத் திரைக்கு ஸ்பீக்கர் உண்டா அண்ணாச்சி?"

"கிடையாது."

டீச்சர் அந்த வயரை உருவினார். திரை இருண்டது. மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கரகரவென்று கிளம்பியது. அது காலையிலிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. படத்தோடு சத்தத்தையும் கடத்தும் வயர் அது. திரை வந்ததும் கணினி சத்தத்தை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது; அங்கே வாய் இல்லை.

"பேசுது! பேசுதுடே!"

கத்தியது சங்கரலிங்கம். அறையே எழுந்துவிட்டது. இசக்கியம்மாள் ஓடிவந்தாள், அந்த அறையில் யாரும் ஓடி அவர் பார்த்ததில்லை. ஹெட்போனை மாட்டி, குரலைத் தன் வேகத்துக்கு ஏற்றினாள். ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "வினாத்தாளைக் கொண்டாங்க சார்" என்றாள்.

பத்து அடித்ததும் வராந்தாவிலிருந்து வினாத்தாள் பென்டிரைவில் வந்தது; ஐந்து நிமிஷத்தில் அவள் முதல் விடையின் இரண்டாம் வரியில் இருந்தாள்.

மேற்பார்வையாளர் தட்டுத் தடுமாறி உள்ளே வந்தார். முழங்காலில் நாற்காலி இடித்தது. தடவிக்கொண்டே இருட்டைப் பார்த்தார். இருண்ட திரையைப் பார்த்தார். சங்கரலிங்கத்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

சங்கரலிங்கம் டீச்சரிடம் போய்க் குனிந்தார். "டீச்சர், திரை வேணுங்காரு. என்ன எழுதுதான்னு பார்க்காம எப்படிக் கண்காணிக்கன்னு கேக்காரு."

"வயரைச் செருகினா?"

"அவளுக்குச் சத்தம் போயிரும். நடுப் பரீட்சை."

"அப்ப அவருக்கும் ஒரு ஹெட்போன் கொடுங்க."

ஒரு துளையில் இரண்டு ஹெட்போன் செருகுவதற்கு அந்த அறையில் சிறு இணைப்பு உண்டு. பாடம் நடத்துவதே அதில்தான். சங்கரலிங்கம் அதைப் பதமாக மாட்டினார். ஒரு நொடிதான். இசக்கியம்மாள் விரலை நிறுத்திக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தாள்.

மேற்பார்வையாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முகம் மாறியது. தகரக் கூரையில் கல்மழை பெய்ததுபோல இருந்தது அவருக்கு. ஒரு சொல்கூட இன்னொரு சொல்லில் இருந்து பிரியவில்லை.

"இது என்ன பாஷை?"

"தமிழ்தான் சார்" என்றாள் இசக்கியம்மாள், தட்டுவதை நிறுத்தாமல்.

"கொஞ்சம் மெதுவா வைக்கச் சொல்லுங்களேன்."

"எனக்கு மூணு மணி நேரம்தான் சார்."

அவர் காதோடு ஹெட்போனை அழுத்திப் பிடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். கடைசியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

சங்கரலிங்கம் மறுபடியும் டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், அவருக்கு ஒண்ணும் விளங்கலையாம். என்ன செய்ய?"

டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை.

"கேட்டுச் சொல்ல அவருக்கும் ஒரு ஸ்கிரைப் வேணும்னா கேட்கச் சொல்லுங்க அண்ணாச்சி. நம்ம பிள்ளைகள்ல ஒருத்தரை அனுப்புதேன். நிபந்தனை ஒண்ணும் கிடையாது."