சந்தனம் பூசிய சார்ஜர்

சிங்காநல்லூரில் மெஷின் பழுது பார்க்கும் பிலோமினாவுக்கு முப்பத்துநாலு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் மருதாசல ஆசாரிக்கு ஐம்பத்தெட்டு. நாற்பது வருஷம் கதவும் நிலையும் செய்தவர். சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. அதன்பின் அந்தக் கை உளியைப் பிடிக்கவில்லை. நாலு மாதமாக இங்கே வருகிறார். யாராவது பழுதுக்குப் பொருள் கொண்டுவந்தால் மட்டும் மெதுவாக உள்ளறைக்குப் போய்விடுவார்.

அன்று ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.

"நாளைக்கு மில்லுல வாட்ச்மேன் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க அம்மிணி. கை போனவனுக்கு இந்தத் தொழில் வருமுங்களா? இதை மட்டும் எடைக்குப் போட்டுருங்க."

பைக்குள் அவருடைய பழைய பேட்டரி டிரில்லின் சார்ஜர் இருந்தது. டிரில் எரிந்து, பேட்டரி ஊதிப்போய், இது மட்டும்தான் மிச்சம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அப்பிக் கிடந்தன.

"எடைக்கு எதுக்குங்ணா? ஒரு லைட்டுக்கு ஆகும். அளந்து பாருங்க."

பேட்டரி உட்காரும் இடத்தில் மூன்று தகடுகள் இருந்தன; ஆசாரி ஓரத்து இரண்டையும் சுரண்டித் துடைத்தார். நடுத் தகட்டுப் பொட்டை அப்படியே விட்டுவிட்டார். சாமிக்கு வைத்ததை அழிக்க மனம் வரவில்லை. பிளக்கைச் செருகி மீட்டரை வைத்தார். பூஜ்யம்.

"செத்துருச்சுங்க," என்றார். தன் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்த திருப்தி அந்தக் குரலில் இருந்தது.

பிலோமினா பிளக்கைப் பிடுங்கினாள். நடுத் தகட்டையும் துடைத்தாள்.

"பேட்டரி வந்து உக்காந்தா இந்தத் தகடு வழியாத்தான் இதுக்குத் தெரியும். தெரியாம கரண்டை வெளியே விடாது."

பேட்டரி இருப்பதாக அதை நம்பவைக்க, அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றை நடுத் தகட்டுக்கும் மைனஸ் தகட்டுக்கும் இடையே பற்றவைத்தாள். மறுபடி பிளக்கைச் செருகினாள். மீட்டர் பதினெட்டு வோல்ட் காட்டியது.

ஆசாரி மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"பேட்டரியே இல்லீங்களே."

"இல்லைதான்."

"மூணு வருஷமா பரண்ல கெடந்துச்சுங்க. அப்பவும் இது நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்ணா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

பிலோமினா வோல்ட்டைக் குறைக்கும் சின்ன போர்டு ஒன்றை இணைத்தாள். எல்.இ.டி. பட்டையை மாட்டி, கடைக்கோடியில் இருந்த இருட்டு மேஜைக்கு மேலே தொங்கவிட்டாள். வெளிச்சத்தில் ஒரு தையல் மெஷின் மோட்டார் தெரிந்தது. அதில் கட்டியிருந்த சீட்டை ஆசாரி குனிந்து படித்தார்.

"இதுல என் பேரு இருக்குதுங்க அம்மிணி."

"தையல்கார அக்கா நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றாங்க. இது ஓடினாத்தான் அவங்க பொழப்பு ஓடும். யாரு பார்ப்பாங்கன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லிட்டேனுங்ணா."