முதுகில் கோடு ஓடிய பாம்பு

சான் டியேகோவில் ஞானசெல்வி டீச்சரின் கார் ஷெட்டுக்குள் கார் கிடையாது. பெட்டி பெட்டியாகக் கிங்ஸ்னேக் பாம்புகள்தான். விஷம் கிடையாது, மனிதர்களிடம் சாது. ஆனால் மற்ற பாம்பைக் கண்டால் பிடித்து விழுங்கிவிடும்.

சனிக்கிழமைதோறும் பாம்பு வளர்க்கக் கற்றுக்கொள்ள நாங்கள் நாலைந்து பேர் போவோம். டீச்சர் நாகர்கோவில்காரர், நாற்பது வயதுகூட இல்லை. எங்களில் மூத்தவர் செங்கோட்டுவேலு. அறுபத்தாறு வயது, திருச்செங்கோட்டுக்காரர். அவர் அந்த வயதில் டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

டீச்சர் பாம்பைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார். கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று வளையம் போட்டிருந்தால் பாலைவனப் பக்கம். காப்பிக்கொட்டை நிறத்தில் வெளிர் மஞ்சள் கலந்திருந்தால் கடலோரம். எங்கள் கடலோரத்தில் சிலதுக்கு வளையமே இருக்காது. கழுத்திலிருந்து வால்வரை முதுகில் ஒரே கோடு ஓடும். அடடா, என்ன அழகு அது!

செங்கோட்டுவேலு அப்படி ஒன்றைப் பதினெட்டு வருஷம் வளர்த்தவர். அது வீட்டுக்கு வந்த அன்று அவர் மனைவி பாவாயி அலறி, இரண்டு நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எம்பட கல்யாணச் சேலைக் கரையாட்டமே இருக்குதுங்க" என்றாராம். ஜரிகை என்று பேர் வைத்ததும் அவர்தான். பாவாயி போய் மூன்று வருஷம். ஜரிகை போன வருஷம் போனது.

ஜரிகையின் வழியில் வந்த பெண் பாம்பு ஒன்று டீச்சரிடம் இருந்தது. அது இட்ட முட்டைகள் பொரிகிற வாரம் செங்கோட்டுவேலு தினமும் வந்தார். ஏழு குட்டிகள். ஆறுக்கு வளையம். ஒன்றுக்கு மட்டும் முதுகில் கோடு, அச்சு அசல் ஜரிகை.

"திரும்பி வந்துருச்சுங்க டீச்சர்!" என்றார் செங்கோட்டுவேலு.

"மத்த ஆறையும் பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்தனுங்க."

"எப்படி இருக்கு?"

"அதெல்லாம் வளையமுங்க."



குட்டிகள் முதல் சட்டை உரித்ததும் டீச்சர் ஏழையும் ஏழு பெட்டியில் போட்டார். "இனிமே பசி வந்திரும். கூடப் பிறந்ததுன்னு அதுக்குத் தெரியாது. ஒண்ணோட ஒண்ணை விடப்பிடாது" என்று எல்லாருக்கும் சொன்னார். செங்கோட்டுவேலுவும் தலையாட்டினார். தலையாட்டுவதில் குறைச்சலே இல்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் எலிக்குஞ்சு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் முற்றத்தில் தண்ணீர்க் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தக் கோட்டுக் குட்டி பெட்டி மூலையில் சுருண்டு கிடந்ததாம். பாவம், தனியாக இருக்கிறதே என்று செங்கோட்டுவேலுவுக்கு மனசு கேட்கவில்லை. எடுத்து ஒரு வளையக் குட்டியின் பெட்டிக்குள் துணைக்கு விட்டிருக்கிறார். அந்நேரம் பார்த்து பாஸ்டனிலிருந்து மகள் போன் செய்தாள். பேசிக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் பேசினார். பாவாயி ஜரிகையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தது, குளிர்காலத்தில் அதற்குத் தன் கம்பளியைப் போர்த்தியது, காணாமல் போன ஜரிகை அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது. "அம்மா இருந்திருந்தா இதையும் மடியில போட்டுக்குவா கண்ணு" என்றார். கிண்ணத்தை வைத்துவிட்டு நானும் கேட்டுக்கொண்டே நின்றேன். எனக்கும் கண் கலங்கியது. வேலையைப் பார்த்திருக்கலாம்.

டீச்சர் வந்தார். உள்ளே போன வேகத்தில் எங்களைக் கூப்பிட்டார்.

வளையக் குட்டியின் வாய்க்கு வெளியே விரல் நீளத்துக்கு வால் மட்டும் தெரிந்தது. அதன் மேல் மெல்லிய கோடு.

"ஐயோ! இழுங்க டீச்சர், இழுங்க!"

"இழுத்தா இதுவும் போயிரும் அண்ணாச்சி. அது எப்பவோ போயிட்டு."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாலும் உள்ளே போனது. செங்கோட்டுவேலு சிமென்ட் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வளையக் குட்டி பெட்டியின் ஓரத்தில் உடம்பு ஊதிப்போய், நாக்கை நீட்டி நீட்டி உள்ளிழுத்துக்கொண்டிருந்தது.

"கூடப்பொறந்ததையே முழுங்குன சனியன். என் கண்ணு முன்னால வெக்காதீங்க" என்றார்.

டீச்சர் பெட்டியை மூடி, அவர் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தார்.

அழுகை அடங்கியதும் செங்கோட்டுவேலு கேட்டார். "இனி நான் எதைப் பாக்குறதுக்குங்க இங்க வர்றது?"

"செரிக்கப் பத்து நாளாவும்" என்றார் டீச்சர். "அதுக்கப்புறம் அதுக்குப் பசிக்கும். இரை போட நீங்கதான் வரணும் அண்ணாச்சி."