வராதவர் ஓட்டு

பேரூராட்சித் தலைவர் தங்கப்பழத்துக்கு ஊர் எல்லையில் தன் அப்பா பெயரில் அலங்கார வளைவு கட்ட ஆசை. அதற்குப் பணம் திரட்ட, பேரூராட்சி பெயரில் கடன் பத்திரம் விற்க ஊரார் ஓட்டு வேண்டும். நடவு மும்முரமாக நடக்கும் நாளாகப் பார்த்து ஓட்டெடுப்பு வைத்தார் மனுஷன். வந்தது நாற்பது பேர். நாற்பது சீட்டிலும் 'வேண்டாம்'.

"வராத ரெண்டாயிரம் பேரும் சம்மதம்னுதான் அர்த்தம். அதான் விதி. எழுதுய்யா!" என்று அதட்டினார். கிளார்க் எழுதினார்.

அலுவலகம் கூட்டும் குருவம்மாள் அதைக் கேட்டாள். குழாயில் தண்ணீர் வந்து மூணு மாசம் ஆச்சு, இவருக்கு வளைவு கேட்குதா? விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"எல்லா ஓட்டுக்கும் இதே விதிதானாய்யா?"

"எல்லாத்துக்கும்தான்!"

"போன மாசம் எங்க தெருக் கூட்டத்துல, உங்க தோப்பு போர் தண்ணியை ஊர்க் குழாய்க்கு விடணும்னு ஓட்டு எடுத்தோம். உங்களையும் கூப்பிட்டோம், நீங்க வரலை. அப்போ சம்மதம்தானே? நாளைக்கே குழாய் பதிச்சிடுறோம்."

தலைவர் நாற்காலி சரிய எழுந்தார். "வராதவன் சம்மதிச்சான்னு எவடி சொன்னது?"

குருவம்மாள் கிளார்க் பக்கம் திரும்பினாள். "பழசை அடிச்சிட்டு, ஐயா இப்போ சொன்னதை எழுதிக்கோங்க சார்."