குப்பைக் கூடமும் குறுக்குப் பாதையும்

கரியாம்பேட்டை என்ற ஊரில் ஒரு குறுக்குப் பாதை வசித்து வந்தது. ஊரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பீடிக் காலனியில் அது கிளம்பும். வாய்க்காலை ஒட்டியிருந்த புறம்போக்கு நிலத்தை நேராகக் கடந்து, அரசு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் போய் நிற்கும். தார்ச்சாலை வழியாகச் சுற்றிப் போனால் காலைப் பொழுதில் பாதி போய்விடும். பாதையில் இறங்கினால் ஒரு கதை பேசி முடிப்பதற்குள் சேர்ந்துவிடலாம்.

அந்தப் பாதையை யாரும் போடவில்லை. கால்கள்தான் போட்டன. அதனால் அதற்குக் கால்களைத் தெரியும். செருப்பைத் தேய்த்து நடப்பவர் யார், அவசரத்தில் ஓடுபவர் யார், கோபத்தில் குதிகாலை ஊன்றுபவர் யார் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடும். கொஞ்சம் தற்பெருமையும் உண்டு.

"நான் இல்லேன்னா இந்தக் காலனி என்ன ஆகும், சொல்லு அக்கா?" என்று பக்கத்தில் ஓடும் வாய்க்காலிடம் அடிக்கடி கேட்கும்.

"ஆகறது ஆகும். நீ சும்மா கிட," என்று சொல்லிவிட்டு வாய்க்கால் தன் போக்கில் ஓடும்.

காலனிக்கு மறுபுறம் குப்பைமேடு இருந்தது. ஊரின் மொத்தக் குப்பையும் அங்கேதான் கொட்டப்பட்டது. அதற்கு எப்போதும் உள்ளுக்குள் காய்ச்சல். எங்கோ ஒரு மூலையில் புகைந்துகொண்டே இருக்கும். காற்று திரும்பினால் புகை காலனிக்குள் நுழைந்து, கொடியில் காயும் துணியிலிருந்து குழந்தைகளின் மூச்சு வரை எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று பேரூராட்சி மன்றம் கூடிப் பேசியது. மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் தரம் பிரிக்க ஒரு கூடம் கட்டலாம், மட்குவதை உரமாக்கலாம், மற்றதை மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்று தீர்மானம் ஆனது. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கே கட்டுவது என்று கேட்டபோது தட்டிய கைகள் எல்லாம் மடியில் இறங்கிவிட்டன.

கூடம் அப்போது இரும்புத் தூண்களாகவும் தகரங்களாகவும் ஒரு லாரியில் ஏற்றப்பட்டிருந்தது. முதலில் அதைக் கோயில் குளத்துப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே ஜனங்கள் மறித்தார்கள். புது நகர் மனைப்பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் மறித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பின்புறம் போனபோது லாரியை நிறுத்தக்கூட விடவில்லை. கடைசியில் செயல் அலுவலர் வரைபடத்தை விரித்து, "இந்தப் புறம்போக்கு காலியாத்தானே கிடக்கு?" என்று விரலை வைத்தார்.

விரல் பட்ட இடத்தில் பாதை இருந்தது. ஆனால் வரைபடத்தில் இல்லை.

மறுவாரம் லாரி வந்து தூண்களையும் தகரங்களையும் கான்கிரீட் போடுவதற்கான சென்ட்ரிங் பலகைகளையும் பாதையின் நடுவிலேயே இறக்கியது. சுற்றுச்சுவருக்காகப் பாதையின் குறுக்கே குழி தோண்டினார்கள். பாதைக்கு உயிரே போனதுபோல் இருந்தது.

"யாரு நீ? எந்திரி! என் மேல வந்து படுத்துக்கிட்டு!" என்று கத்தியது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. நான் குப்பை பிரிக்கிற கூடம். இன்னும் எந்திரிச்சு நிக்கல, அதான் இப்படிக் கிடக்கேன்," என்றது அது.

"உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"கிடைக்கலண்ணே. போன இடத்துல எல்லாம் ஒரே பேச்சு. நல்ல திட்டம், ஆனா இங்க வேணாம். இப்ப நீங்களும் அதையேதான் சொல்றீங்க."

பாதைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "நானும் அவங்களும் ஒண்ணா? அவங்களுக்கு நாத்தம் வந்துடுமோன்னு பயம். நீ இங்க நின்னா நானே இருக்க மாட்டேன். சுவரு என்னை ரெண்டா வெட்டிரும்."

"அது நியாயம்தாண்ணே," என்றது கூடம். "ஆனா என் கால் எங்க நிக்கணும்னு என்னைக் கேட்டா வச்சாங்க?"

பாதை முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்பிக்கொண்டு எங்கே போவது? குழிதான் இருந்தது.

அன்றிலிருந்து காலனி கொந்தளித்தது. அந்த வார்டு கவுன்சிலர் இருதயராஜ் வீடு வீடாகப் போய், "ஒரு தூணைக்கூட நட விடமாட்டோம்," என்று முழங்கினார். பாதை அதைக் கேட்டுக் குளிர்ந்துபோனது. தூண்கள் திரும்ப லாரியில் ஏறும் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தது.

அப்போது மழை பிடித்தது. குழியில் தண்ணீர் நிறைந்தது. இரண்டு நாள் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பரிதா வந்தாள்.

பீடி சுற்றிப் பிழைக்கிற பெண். மூன்று வயது மகள் ரிஸ்வானாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக் கோமளா குடையோடு கூட நடந்தாள். பரிதாவின் நடை பாதைக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் பாதி நாள் அவள் இப்படித்தான் வருவாள், குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது என்று. ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. குழந்தையின் நெஞ்சில் இழுத்த இழுப்பு தாயின் உடம்பு வழியாக இறங்கி, அவள் உள்ளங்காலில் வந்து துடித்தது.

குழி அவர்களை நிறுத்தியது.

"பாத்தியா இந்த அநியாயத்த!" என்று கோமளா வெடித்தாள். "இந்தக் கருமத்த இங்கேருந்து தூக்கற வரைக்கும் விடக் கூடாது பரிதா. நாளைக்கே எல்லாரும் போய் ஆபீசு வாசல்ல உக்காருவோம்."

பரிதா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். அவளுக்கே மூச்சு வாங்கியது.

"தூக்கிட்டா மட்டும்? அந்தக் குப்பைமேடு புகைஞ்சிட்டேதான இருக்கும், கோமளா? எம்புள்ள இப்படி இழுத்துட்டேதான கிடப்பா?" என்றாள். "எனக்கு இந்தக் கூடமும் வேணும். வழியும் வேணும். இதுல எதை வேணாங்கறது நான்?"

கோமளா கை நீட்டிக் குழந்தையின் முதுகைத் தடவினாள்.

பாதையும் அவள் சொன்னதைக் கேட்டது. பரிதா வருகிறாள், கோமளா வருகிறாள், தன்னை நம்பி எத்தனை கால்கள் என்று இவ்வளவு காலம் பூரித்துப்போயிருந்தது அது. அவள் ஏன் இத்தனை தடவை வருகிறாள் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. புகை அவளைத் துரத்தியதால்தான் அவள் வந்தாள். அந்த ஓட்டத்தைத்தான் பாதை தன் பெருமையில் சேர்த்து வைத்திருந்தது. அதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

பரிதா தார்ச்சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு தூரம் குழந்தை தாங்காது. வாய்க்கால் கரையோரமாகக் குழியைச் சுற்றிப் போக முடியுமா என்று ஒரு காலை எடுத்து வைத்தாள். சேறு வழுக்கியது.

"அக்கா!" என்று பாதை வாய்க்காலைக் கூப்பிட்டது. "கரையில கொஞ்சம் இடம் கொடு. ஆள் நடக்கிற அளவுக்கு, அது போதும்."

"உனக்கு வளையத் தெரியுமாடா?" என்று கேட்டது வாய்க்கால்.

"தெரியாது. இடத்தைக் கொடு, பாத்துக்கலாம்."

வாய்க்கால் முணுமுணுத்துக்கொண்டே கரைப் புல்லைச் சாய்த்துக் கொடுத்தது. பாதை பிறந்ததிலிருந்து நேராகவே படுத்துப் பழகியது. திரும்புவதற்கு உடம்பெல்லாம் வலித்தது. ஆனாலும் அவள் அடுத்த அடி வைப்பதற்குள் ஓடிப்போய் அந்தக் காலுக்குக் கீழே படுத்தது. அடுத்த அடிக்கும் படுத்தது. அதற்கடுத்த அடிக்கும் படுத்தது. நடுவில் ஒரே சதுப்பாக இருந்த ஓரிடத்தில் மட்டும் பாதையால் காலூன்ற முடியவில்லை.

"அண்ணே, நகருங்க!" என்று கூடம் குரல் கொடுத்தது. அடுக்கி வைத்திருந்த பலகைகளில் மேலே இருந்த ஒன்று சரிந்து வந்து அந்தச் சதுப்பின்மேல் விழுந்தது.

"அல்லாவே," என்று சொல்லிப் பரிதா அதில் ஏறினாள். கோமளா பின்னால் பிடித்துக்கொண்டாள். இருவரும் குழியைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் இறங்கி, ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடினார்கள்.

கால்களின் சத்தம் தேய்ந்த பிறகு பாதை மெதுவாகக் கேட்டது. "பலகை உன்னோடதுதானே? எதுக்குக் கொடுத்த?"

"நீங்க எதுக்கு வளைஞ்சீங்களோ அதுக்குத்தாண்ணே," என்றது கூடம்.

மத்தியானம் பரிதா அதே வழியாகத் திரும்பினாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதே சுவட்டில் இன்னும் பலர் நடந்தார்கள். நாலைந்து நாளில் புல் தேய்ந்து மண் தெரிந்தது.

காலனி ஜனங்கள் போய்ப் பேரூராட்சி வாசலில் உட்காரவே செய்தார்கள். தலைவர் தமயந்தி வெளியே வந்து, "சத்தம் போடாதீங்க. நேர்ல போய்ப் பாத்துட்டுப் பேசுவோம்," என்று சொல்லிவிட்டுச் செயல் அலுவலரையும் கவுன்சிலர்களையும் கூட்டிக்கொண்டு புறம்போக்குக்கு வந்தார். வரைபடமும் வந்தது. ஜீப்பின் முன்பக்கத்தில் அதை விரித்தார்கள்.

"பாருங்க மேடம், இங்க பாதைன்னு எதுவுமே கிடையாது," என்றார் செயல் அலுவலர்.

"என்னங்க, என்னைத் தெரியலையா?" என்று பாதை வரைபடத்தைக் கேட்டது.

"தப்பா நினைக்காதே. உன் மேல கால் நடக்குது. என் மேல விரல்தான் நடக்குது. யாரும் சொல்லாம எனக்கெப்படித் தெரியும்?" என்றது வரைபடம். உண்மையிலேயே அதற்குச் சங்கடமாக இருந்தது.

"கூடத்தைத் தூக்குங்க, அவ்வளவுதான்!" என்று இருதயராஜ் குரலை உயர்த்தினார். செயல் அலுவலரும் குரலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து, சந்தை முடிந்து திரும்பியவர்கள் கூடைகளோடும் பைகளோடும் வாய்க்கால் ஓரமாக வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு மன்ற உறுப்பினர்கள் முள்ளுக்குள் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. ஒரு கவுன்சிலரின் வேட்டி மாட்டிக்கொண்டது. இருதயராஜின் பேச்சு பாதியில் நின்றது.

வரிசையில் வந்த கோமளாவைத் தமயந்தி நிறுத்தினார். "இது என்னம்மா வழி? யார் போட்டது?"

"யாரும் போடலைங்க. நடந்தோம், ஆயிடுச்சு."

"கூடம் இங்க வேணாமா உங்களுக்கு?"

கோமளா பின்னால் வந்த பரிதாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இருதயராஜைப் பார்த்தாள். "வேணாம்னுதாங்க நானும் கத்துனேன். ஆனா அந்தப் புகை போகணும்ல? கூடம் நிக்கட்டும். சுவரத்தான் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டுங்க. நாங்க இப்படிச் சுத்திப் போய்க்கிறோம்."

தமயந்தி அந்தத் தேய்ந்த மண்ணின் மேல் நடந்து பார்த்தார். வளைவு வரை போய்த் திரும்பி வந்தார். பாதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"சுவரை உள்ள தள்ளினா லாரி திரும்ப இடம் பத்தாதுங்க மேடம்," என்றார் செயல் அலுவலர்.

"லாரி ரிவர்ஸ்ல வரட்டும். மனுஷங்க பின்பக்கமாவே நடந்து போக முடியாதுல்ல?" என்றார் தமயந்தி.

அடுத்த மன்றக் கூட்டத்தில் வாக்குவாதம் நடக்கத்தான் செய்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் சுவரைத் தள்ளிக் கட்டுவது என்றும், வாய்க்கால் ஓரத்து வழியைப் பொதுப்பாதையாகப் பதிவது என்றும் தீர்மானம் நிறைவேறியது. இருதயராஜும் கையைத் தூக்கினார். சர்வேயர் வந்து அளந்து, வரைபடத்தில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார்.

"கூசுது," என்றது வரைபடம்.

"பழகிடும்," என்றது பாதை.

தூண்கள் எழுந்தன. தகரம் ஏறியது. கூடம் முதல் முறையாக நிமிர்ந்து நின்று ஊரைப் பார்த்தது. அன்றாடக் குப்பை அங்கே வந்து பிரிந்தது. பழைய குப்பைமேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சலித்து எடுத்தார்கள். "எனக்கு மட்டும் எரியறதுக்கு ஆசையா என்ன?" என்று சொல்லிக்கொண்டே குப்பைமேடு கரைந்தது.

எல்லாமே இனிப்பாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. சில நாள் கூடத்திலிருந்து நாற்றம் வரும்.

"டேய், இன்னிக்கு மூக்கைத் துளைக்குதுடா," என்று பாதை திட்டும்.

"மீன் சந்தைக் குப்பைண்ணே. சாயங்காலத்துக்குள்ள மூடிடுவாங்க, பொறுத்துக்குங்க," என்று கூடம் கெஞ்சும். இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

புகை நின்ற பிறகு, ஆஸ்பத்திரிக்கு ஓடும் கால்கள் குறைந்தன. வாய்க்கால் அதைக் கவனித்தது.

"என்னடா, உன் கூட்டம் குறைஞ்சுபோச்சே. வருத்தமா?"

"சில கால் வராம இருந்தாத்தான் அக்கா நிம்மதி," என்றது பாதை.

மார்கழி பிறந்து வெயில் இதமாக இருந்த ஒரு சாயங்காலம் பரிதா வந்தாள். பாதை பதறி எழுந்தது. உள்ளங்காலில் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்தது. இல்லை. அவள் பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் தனியாக நடந்து வந்தன. செருப்பைக்கூட அவை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தன.

எதிரே வந்த கோமளா, "எங்கடி, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்கயும் இல்ல," என்றாள் பரிதா. "சும்மா நடக்கலாம்னு வந்தோம்."

வேலைக்கும் சந்தைக்கும் வைத்தியத்துக்கும் போகிறவர்களைத்தான் பாதை அதுவரை சுமந்திருந்தது. சும்மா நடக்க யாரும் வந்ததில்லை. என்ன செய்வதென்று அதற்கு முதலில் புரியவில்லை. பிறகு, தன்னால் முடிந்த மட்டும் மெல்ல நீண்டு கொடுத்தது.