யானைப்பல் பகடை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. ஊற்றுக்கு மேலே, பாறை இடுக்கில், வேலாயி என்னும் முள்ளம்பன்றி குடியிருந்தாள். உடம்பெல்லாம் வேல் வேலாக முள் வைத்திருப்பவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும், சொல்லுங்கள்!

வேலாயி பகடை செய்பவள். மான் உதிர்த்துவிட்டுப் போன கொம்பு, வைரம் பாய்ந்த புளியங்கட்டை, காய்ந்த பனங்கொட்டை, மூங்கில் வேர் என்று காட்டில் கெட்டியாக எது கிடைத்தாலும் விடமாட்டாள். முன்பற்களால் கொறித்துக் கொறித்து ஆறு பக்கத்தையும் சமமாக்குவாள். தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளாலேயே குழி தோண்டி, கரியையும் வேப்பம் பிசினையும் குழைத்துப் புள்ளி வைப்பாள்.

அதோடு வேலை முடிந்துவிடாது. செய்த பகடையைத் தட்டைப் பாறையில் நூறு முறை உருட்டிப் பார்ப்பாள். ஏதாவது ஒரு பக்கம் அடிக்கடி மேலே வந்தால், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கனமாக இருக்கிறது என்று பொருள். அங்கே லேசாக ஒரு கொறி. மறுபடியும் நூறு உருட்டல்.

"இவ்வளவு பாடு எதற்கு அக்கா? விளையாட்டுச் சாமான்தானே?" என்று கேட்பாள், துள்ளி என்ற மலை அணில்.

"தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு" என்பாள் வேலாயி.

உண்மையிலேயே அந்தக் காட்டில் தோற்றவர்கள் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். மாலையானால் எல்லோரும் ஊற்றங்கரையில் கூடுவார்கள். ஆளுக்கு ஒருமுறை பகடை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தவருக்கு வெற்றி. தோற்றவர் ஒற்றைக் காலில் ஆட வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

ஒரு கோடையில் மினுக்கன் என்ற கீரி அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தான். வழவழப்பான உடம்பு, அதைவிட வழவழப்பான பேச்சு. கழுத்தில் ஒரு நார்ப்பை தொங்கியது. அதற்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பகடையை எடுத்தான்.

"இது என்ன தெரியுமா? கிழட்டு யானை ஒன்றின் உதிர்ந்த கடைவாய்ப்பல். என் கையாலேயே செதுக்கினேன். பல்லோடு அந்த யானையின் ஆசியும் சேர்ந்து வந்திருக்கிறது. ராசியான பகடை!"

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கொம்பும் கொட்டையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த வெள்ளைப் பளபளப்பு புதிதாக இருந்தது.

"ஆனால் ஒற்றைக் காலில் ஆடுவதெல்லாம் பிள்ளை விளையாட்டு. ஏதாவது பெரிதாக வையுங்கள். நான் தோற்றால் இந்தப் பகடையையே தந்துவிடுகிறேன்" என்றான் மினுக்கன்.

ஆசை யாரை விட்டது? முதலில் முயல்கள் தங்கள் புல்மேட்டை வைத்துத் தோற்றன. அடுத்து புள்ளிமான் தன் நிழல்மரத்தை வைத்துத் தோற்றது. துள்ளி, தன் குட்டிகள் தூங்கும் மரப்பொந்தை வைத்தாள். மினுக்கனின் பகடை உருண்டது. ஆறு!

குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு துள்ளி மரத்தைவிட்டு இறங்கியதை வேலாயி பார்த்தாள்.

அன்று முழுவதும் அவள் அந்தப் பகடையையே கவனித்தாள். நல்ல பகடை உருளும், ஓயும், நிற்கும். இதுவோ உருண்டு ஓய்ந்த பிறகும் ஒருமுறை தலையாட்டிப் புரண்டுதான் நின்றது. நின்றபோதெல்லாம் ஆறு.

"தம்பி, அந்தப் பகடையைக் கொஞ்சம் கொடு. கையில் வைத்துப் பார்க்கிறேன்" என்றாள் வேலாயி.

மினுக்கன் சட்டென்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "அடுத்தவர் கை பட்டால் ராசி போய்விடும், முள்ளம்மா. என் பகடை வந்த பிறகு உன் பகடையை யாரும் கேட்பதில்லை. அந்த எரிச்சல்தானே உனக்கு?"

"பகடையில் ஏதோ சூது இருக்கிறது. எப்போதும் ஆறே விழுமா?" என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டாள் வேலாயி.

"பொறாமைப்படாதே, வேலாயி. அவனுக்கு அதிர்ஷ்டம், விழுகிறது" என்றது புள்ளிமான். நிழலை இழந்து வெயிலில் நின்றுகொண்டுதான் அப்படிச் சொன்னது!

ஒருவர்கூட அவள் பக்கம் பேசவில்லை. வேலாயி தலையைக் குனிந்துகொண்டு பாறை இடுக்குக்குத் திரும்பினாள். பாதி கொறித்த கொம்பு அங்கே கிடந்தது. அதைத் தொடவே அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பெரிய இடி விழுந்தது. ஊற்றுக்குக் காவலாக இருந்தவர் கருமலையன் என்ற காட்டெருது. வாய்விட்டு ஒரு சொல் சொன்னால் உயிரே போனாலும் மாறாதவர். மற்றவர்கள் இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று அவர் ஆட்டத்தில் உட்கார்ந்தார். மினுக்கன் கேட்டான் என்று ஊற்றையே பந்தயமாக வைத்தார்.

அவருக்கு விழுந்தது நான்கு. மினுக்கனுக்கு ஆறு.

"இனி இந்த ஊற்று என்னுடையது. தண்ணீர் வேண்டுமா? தினமும் எனக்கு முட்டை கொண்டு வாருங்கள். முட்டை இல்லையென்றால் தண்ணீரும் இல்லை" என்றான் மினுக்கன், ஊற்றங்கரைப் பாறைமேல் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு.

பறவைகள் அலறின. மான்கள் தவித்தன. கருமலையன் கண்ணீரோடு நின்றார். "சொல் கொடுத்துவிட்டேன். தோற்றது தோற்றதுதான்" என்றார்.

அடுத்த நாள் காலையில் எல்லோரும் காட்டைவிட்டே கிளம்பத் தயாரானார்கள். துள்ளி குட்டிகளோடு விடைபெற வந்தாள். "அக்கா, அன்று நீ சொன்னபோது நான் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். மன்னித்துவிடு" என்று அழுதாள்.

வேலாயி தன் கொம்புப் பகடையைப் பாறையில் உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு. ஐந்து. ஒன்று. மறுபடியும் ஒன்று. திடீரென்று அவள் முட்களெல்லாம் கலகலவென்று சத்தமிட்டன. சிரிக்கும்போது அவளுக்கு அப்படித்தான்.

"யாரும் போக வேண்டாம். எல்லோரையும் ஊற்றங்கரைக்கு வரச் சொல்" என்றாள்.

மினுக்கன் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். வேலாயி நேராகப் போய் அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஆட வந்திருக்கிறேன்."

"அப்படியா! வைக்க உன்னிடம் என்ன இருக்கிறது?"

"என் பற்கள் இருக்கின்றன. நான் தோற்றால் ஆயுள் முழுவதும் உன்னோடு இருந்து, நீ சொல்கிற பகடையைச் செய்து தருகிறேன். நீ தோற்றால், இந்தக் காட்டில் ஜெயித்தது அத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்."

மினுக்கனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இப்படி ஒரு கைகாரி கிடைத்தால் இன்னும் எத்தனை காடுகளைச் சுருட்டலாம்!

"எந்தப் பகடையில் ஆடுவது?" என்று எச்சரிக்கையாகக் கேட்டான்.

"அவரவர் பகடையில். உன்னுடையதை நான் தொடமாட்டேன், என்னுடையதை நீ தொடக்கூடாது. ஆட்டம் முடியும்வரை பகடையை மாற்றவும் கூடாது."

"சம்மதம், சம்மதம்!" மினுக்கன் துள்ளிக் குதித்தான்.

"மற்ற விதிகளை நான் சொல்லலாமா?"

"எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், முள்ளம்மா. என் பகடை ராசியான பகடை. எந்த ஆட்டமானாலும் ஜெயிக்கும்!"

வேலாயி திரும்பினாள். "கருமலையன் ஐயா, கேட்டுக்கொண்டீர்களா?"

"கேட்டேன்" என்றார் காட்டெருது. "எல்லோரும் கேட்டார்கள். சொன்ன சொல்லிலிருந்து இனி யாரும் நகர முடியாது."

"அப்படியானால் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று முறை உருட்ட வேண்டும். மூன்றையும் கூட்ட வேண்டும். யாருடைய எண் சிறியதோ, அவருக்கு வெற்றி."

மினுக்கனின் மீசை துடித்தது.

"சிறியதா? அது எப்படி? பெரியதுதானே எப்போதும்..."

"ஏன் தம்பி, அதனால் உனக்கென்ன? நல்ல பகடைக்கு ஒன்றும் ஆறும் ஒரே மாதிரிதானே? அதுவும் உன்னுடையது ராசியான பகடை. ஜெயிக்க எந்த எண் வேண்டுமோ அதைப் போடாதா?"

"அதுதானே!" என்றது முயல் ஒன்று.

"போடச் சொல்லுங்கள், பார்ப்போம்!" என்றது புள்ளிமான். முதன்முறையாக அதன் குரலில் சந்தேகம் இருந்தது.

மினுக்கன் சுற்றிலும் பார்த்தான். மாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆடினாலோ... "எனக்கு இன்று கை வலிக்கிறது. நாளைக்கு ஆடலாமே" என்று இழுத்தான்.

கருமலையன் ஓர் அடி முன்னால் வந்தார். தரை அதிர்ந்தது. "சம்மதம் என்று சொன்னாய்" என்றார்.

வேலாயி முதலில் உருட்டினாள். கொம்புப் பகடை துள்ளித் துள்ளி ஓடி நின்றது.

ஆறு!

"ஐயோ!" என்று துள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். அது வேலாயி நேர்மையாகச் செய்த பகடை. அதற்கு அவள் மனது தெரியாது. மூச்சை இழுத்துவிட்டு மறுபடி உருட்டினாள். ஐந்து. அதுவும் பெரிய எண்தான். மூன்றாவது உருட்டல் மூன்றில் நின்றது.

"மொத்தம் பதினான்கு" என்றார் கருமலையன்.

மினுக்கன் முகத்தில் லேசாகத் தெம்பு வந்தது. மூன்றும் சேர்ந்து பதினான்குக்குக் கீழே வந்துவிடாதா? வேகமாக உருட்டினான். பகடை ஓடியது, ஓய்ந்தது, தலையாட்டிப் புரண்டது. ஆறு.

இரண்டாம் முறை வானத்தை நோக்கி வீசினான். பாறையில் விழுந்து, எகிறி, மண்ணில் உருண்டு, கடைசியில் ஒருமுறை புரண்டது. ஆறு!

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "இன்னும் ஒன்றே ஒன்று விழுந்தால் பதின்மூன்று. ஜெயித்துவிடுவான்!" என்று முயல்கள் கிசுகிசுத்தன.

மினுக்கனுக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் முறை அவன் உருட்டவே இல்லை. தரையோடு தரையாகக் குனிந்து, ஒற்றைப் புள்ளி மேலே இருக்கும்படி பகடையை மெல்ல நழுவவிட்டான். பகடை ஒன்றில் நின்றது.

"ஒன்று! ஒன்று! பார்த்தீர்களா?" என்று கத்தினான்.

அவன் கத்தி முடிப்பதற்குள், யாரும் தொடாமலே, பகடை மெதுவாகத் தலையாட்டியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புரண்டது. எல்லோர் கண் முன்னாலும் ஆறு புள்ளிகளைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

காடே கொந்தளித்தது.

"தானாகப் புரண்டது!"

"என் மரத்தை இப்படித்தான் பிடுங்கினாயா?"

கருமலையன் தன் குளம்பைத் தூக்கி ஒரே மிதி மிதித்தார். யானைப்பல் இரண்டாகப் பிளந்தது. ஒற்றைப் புள்ளிக்கு உள்ளே குடைந்து, கருப்பான ஓர் இரும்புக்கல்லை வைத்து, அரக்கால் அடைத்திருந்தது. அந்தக் கனம் எப்போதும் கீழே போகும். எதிர்ப்பக்கத்து ஆறு எப்போதும் மேலே வரும்.

"பதினெட்டுக்குப் பதினான்கு. ஜெயித்தது வேலாயி!" என்று கருமலையன் முழங்கினார். மலையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தது.

புள்ளிமான் வேலாயி முன்னால் வந்து நின்றது. "பொறாமைக்காரி என்றேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்" என்றது.

"நிழலுக்குப் போ, வெயில் ஏறுகிறது" என்று சிரித்தாள் வேலாயி.

மினுக்கன் கூட்டத்துக்கு நடுவே நடுங்கிக்கொண்டு நின்றான். காட்டெருதின் கொம்பு அவன் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தொண்டை வறண்டு, "கொஞ்சம்... தண்ணீர்..." என்றான்.

"முட்டை கொண்டு வந்தாயா?" என்று சீறினாள் துள்ளி.

"வேண்டாம், துள்ளி. குடித்துவிட்டுப் போகட்டும். இந்த ஊற்று பந்தயப் பொருள் இல்லை" என்றாள் வேலாயி.

மினுக்கன் நாலு மடக்குக் குடித்தான். காலி நார்ப்பையோடு தலை தெறிக்க ஓடினான். பிறகு அந்தக் காட்டுப் பக்கம் அவன் வாலைக்கூட யாரும் பார்த்ததில்லை.

முயல்கள் புல்மேட்டுக்குப் பாய்ந்தன. துள்ளியின் குட்டிகள் பொந்துக்குள் புகுந்து எட்டிப் பார்த்தன. வேலாயியைத் தோளில் தூக்கிக் கொண்டாட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் அந்த முட்களை நினைத்ததும் ஆசை அடங்கிவிட்டது! அதனால் அவளை நடுவில் நிறுத்திவிட்டு, ஊற்றுத் தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்து, சுற்றிச் சுற்றி வந்து ஆடினார்கள். நடுவே நின்ற வேலாயியின் முட்கள் அன்றைக்குக் கலகலத்தது போல என்றைக்கும் கலகலத்ததில்லை.

நீதி: சூது ஒரு பக்கமாகத்தான் விழும். அறிவாளி மறுபக்கத்தைக் கேட்டால், அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.